சிஸ்டம் காலின் ஆர்கியுமென்ட்களை வடிவமைப்பது எப்படி: கர்னல் எழுதுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலில் ஒரு சிஸ்டம் கால் (பயனர் நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வெளியாகி, அதை நம்பி ஒரு நிரல் எழுதப்பட்டுவிட்டால், அதன் ஆர்கியுமென்ட்களை, அதாவது அழைப்போடு கொடுக்கும் மதிப்புகளை, இனி மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் நிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் எந்த ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) எது வரும், எந்த பிட்டுக்கு என்ன பொருள், எந்தப் பிழைக்கு எந்த எண் என்பதெல்லாம் பயனர் நிரல்களுக்குக் கர்னல் கொடுத்த வாக்கு. அதனால்தான் இருபது வரியில் முடிகிற ஓர் அழைப்புக்குக்கூட அதன் ஆர்கியுமென்ட்களைப் பற்றி வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே தருகிறோம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். கடலூரில் கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒன்று, புதுச்சேரி துறைமுகத்தில் ஒன்று என நீர்மட்ட உணரிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒன்று பழைய 32 பிட் ஏஆர்எம் பலகையில் ஓடுகிறது, மற்றொன்று 64 பிட் கணினியில். அளவீடுகளைக் கர்னலிடமிருந்து வாங்க ‘அளவீடு வாங்கு’ என்று ஓர் அழைப்பை வடிவமைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் கண்ட கரை இது. இங்கே நீர்மட்டம் தப்பாகப் பதிவாவதைச் சின்ன பிழை என்று ஒதுக்க முடியாது.

நிஜத்தில் இந்த வேலைக்குத் தனி சிஸ்டம் கால் கேட்டால் கர்னல் பராமரிப்பாளர்கள் மறுத்துவிடுவார்கள், அது சரியும்கூட. சாதன டிரைவரும், ரீட், ஐஆக்டல் (சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) என்ற அழைப்புகளும் போதும். ஆனால் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி ஐஆக்டலுக்கும் அப்படியே பொருந்தும். ஐஆக்டல் எண்ணிலேயே ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை அடுக்கிய தொகுப்பு) அளவுக்கு 14 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 1: இருக்கும் இடத்தை எண்ணுங்கள்

எக்ஸ்86-64 லினக்ஸில் அழைப்பின் எண் ஆர்ஏஎக்ஸில் போகும். ஆர்கியுமென்ட்கள் வரிசையாக ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9. சாதாரண சி ஃபங்ஷனில் நான்காவது ஆர்கியுமென்ட் ஆர்சிஎக்ஸில் இருக்கும், இங்கே ஆர்10. சிஸ்கால் இன்ஸ்ட்ரக்ஷனே, திரும்பி வர வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் ஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரை ஆர்11-இலும் எழுதிவிடுவதுதான் காரணம். அசெம்பிளியில் நேரடியாக அழைக்கும்போது நான்காவது மட்டும் குப்பையாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஏஆர்எம்64-இல் எண் எக்ஸ்8-இல், ஆர்கியுமென்ட்கள் எக்ஸ்0 முதல் எக்ஸ்5 வரை.

ஆக மொத்தம் ஆறு இடம். எல்லாக் கர்னலும் இப்படி இல்லை. விண்டோஸின் என்டிகிரியேட்ஃபைல் 11 ஆர்கியுமென்ட் வாங்குகிறது. ரெஜிஸ்டரில் அடங்காதவை பயனரின் ஸ்டாக்கிலிருந்து (ஃபங்ஷன்களின் தற்காலிக மதிப்புகள் இருக்கும் நினைவகப் பகுதி) கர்னலுக்குப் பிரதியாகின்றன. 32 பிட் ஃப்ரீபிஎஸ்டி எல்லா ஆர்கியுமென்ட்களையும் ஸ்டாக்கிலிருந்தே எடுக்கிறது. லினக்ஸ் ரெஜிஸ்டரோடு நின்றுகொண்டதில் ஒரு பெரிய நன்மை உண்டு: ரெஜிஸ்டரில் வந்த மதிப்பை, கர்னலுக்குள் நுழைந்தபின் வேறொரு த்ரெட் (அதே நிரலில் இணையாக ஓடும் இழை) மாற்ற முடியாது. நினைவகத்தில் இருப்பதை மாற்றலாம். இந்த ஒரு வித்தியாசம் கடைசிப் படி வரை கூடவே வரும்.

ஆறையும் முதல் நாளே நிரப்பிவிடாதீர்கள். நான்குக்கு மேல் தேவைப்பட்டால் படி 5-இல் சொல்லும் ஸ்ட்ரக்டுக்குப் போய்விடுவதே நல்லது.

முதல் இடத்தில் ஃபைல் டிஸ்க்ரிப்டரை (திறந்த கோப்பையோ சாதனத்தையோ குறிக்கக் கர்னல் தரும் எண்) வையுங்கள். ‘உணரி எண் 2’ என்று வெறும் எண்ணைக் கொடுத்தால், யார் எந்த உணரியைப் படிக்கலாம் என்ற அனுமதிச் சோதனையை நீங்களே எழுத வேண்டியிருக்கும். டிஸ்க்ரிப்டர் என்றால் திறக்கும்போதே அது முடிந்துவிடும். போல், ஈபோல் என்ற காத்திருப்பு அழைப்புகள் இரண்டிலும் காத்திருக்கலாம். யூனிக்ஸ் சாக்கெட் வழியாக வேறு நிரலுக்கும் கொடுக்கலாம்.

படி 2: திரும்பி வரும் மதிப்பு

லினக்ஸில் பிழை என்பது எதிர்ம எண். -1 முதல் -4095 வரை எது திரும்பினாலும் சி நூலகம் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். நீர்மட்டத்தை மில்லிமீட்டரில் நேரடியாகத் திருப்பித் தரலாம் என்று தோன்றும். கெடிலம் முகத்துவாரத்தில் நீர் வற்றிய நேரம், மட்டம் குறியீட்டுக் கோட்டுக்கு 14 மில்லிமீட்டர் கீழே என்றால் திரும்புவது -14. நூலகத்துக்கு அது ஈஃபால்ட், அதாவது தவறான முகவரி. 22 மில்லிமீட்டர் கீழே போனால் ஈஇன்வால், அதாவது தவறான ஆர்கியுமென்ட். கடல் பொங்கும்போது சரியாக வேலை செய்து, உள்வாங்கும்போது பொய் சொல்லும் கருவி அது. சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கலாம் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிரலின் முன்னுரிமையைக் கேட்கும் கெட்பிரையாரிட்டி அழைப்பு இதே சிக்கலைச் சந்தித்தது. நைஸ் எனப்படும் முன்னுரிமை மதிப்பு -20 முதல் 19 வரை. அதனால் கர்னல் அதை 20-இலிருந்து கழித்து 1 முதல் 40 வரையாக மாற்றித் தருகிறது. நூலகம் மறுபடி திருப்பிப் போடுகிறது. நீங்கள் இந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம். திரும்பும் மதிப்பு ‘எத்தனை அளவீடு கொடுத்தேன்’ என்ற எண்ணிக்கையாக மட்டும் இருக்கட்டும், அளவீடுகள் பயனர் கொடுத்த பஃபருக்குள் போகட்டும். மூன்று அளவீடு எழுதியபின் நான்காவதில் முகவரி தவறினால் 3 என்றே திருப்புங்கள். பிழையைத் திருப்பினால், எழுதிய மூன்றும் பயனருக்குக் கணக்கில் வராமல் போகும்.

படி 3: 64 பிட் மதிப்பு 32 பிட் பலகையில்

‘இந்த நேரத்துக்குப் பிந்தைய அளவீடுகள் மட்டும்’ என்று கேட்க ஒரு 64 பிட் நேர மதிப்பு வேண்டும். டிஸ்க்ரிப்டர், நேரம், பஃபர், எண்ணிக்கை, ஃப்ளாக் (ஒவ்வொரு பிட்டும் ஒரு விருப்பத்தைக் குறிக்கும் எண்) என ஐந்து ஆர்கியுமென்ட். ஆறுக்குள் இருக்கிறது என்று நினைப்போம். 32 பிட் ஏஆர்எம்மில் 64 பிட் மதிப்பு இரட்டைப்படை ரெஜிஸ்டரில் தொடங்கும் ஒரு ஜோடியில் உட்கார வேண்டும். டிஸ்க்ரிப்டர் ஆர்0-இல் போனால் ஆர்1 காலியாகக் கிடக்கும், நேரம் ஆர்2, ஆர்3, பஃபர் ஆர்4, எண்ணிக்கை ஆர்5, ஃப்ளாகுக்கு ஏழாவது இடம் தேவைப்படும். சிங்க்ஃபைல்ரேஞ்ச் என்ற அழைப்பு இப்படித்தான் மாட்டியது. ஃப்ளாகை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்து வரிசை மாற்றிய இன்னொரு வடிவத்தை அந்த ஆர்கிடெக்சர்களுக்காக (செயலி வகைகளுக்காக) சேர்க்க வேண்டியதாயிற்று.

வரிசை ஆர்கிடெக்சருக்கு ஆர்கிடெக்சர் மாறினால் அது காலத்துக்கும் தொல்லை. புது த்ரெட்டையோ நிரலையோ தொடங்கும் குளோன் அழைப்பில் நான்காவதும் ஐந்தாவதும் எக்ஸ்86-64-இல் ஒரு வரிசை, ஏஆர்எம்மில் வேறு வரிசை. 64 பிட் மதிப்பை ரெஜிஸ்டரில் அனுப்பாமல் ஸ்ட்ரக்டுக்குள் வையுங்கள். நேரத்தை 32 பிட்டில் சுருக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2038 ஜனவரி 19-இல் அது நிரம்பிவிடும். அதற்காகவே 2019-இல் வந்த 5.1 பதிப்பில், 32 பிட் ஆர்கிடெக்சர்களுக்குப் புதிய நேர அழைப்புகளை வரிசையாகச் சேர்த்தார்கள்.

படி 4: ஃப்ளாக், அதில் அறியாத பிட்டை மறுப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இன்று ஒரு ஃப்ளாகும் தேவையில்லை என்றாலும் ஃப்ளாக் ஆர்கியுமென்ட் ஒன்று வையுங்கள். இல்லாமல் விட்டவற்றில் பல பின்னால் இன்னொரு எண்ணோடு மறுபிறவி எடுத்திருக்கின்றன. டூப்2-க்கு டூப்3, பைப்புக்குப் பைப்2, அக்செப்டுக்கு அக்செப்ட்4: டிஸ்க்ரிப்டரைத் திறந்து, அடுத்த அழைப்பில் ‘எக்ஸெக் நேரத்தில் மூடு’ என்று குறிப்பதற்குள் வேறொரு த்ரெட் ஃபோர்க் (நிரலைப் பிரதியெடுத்தல்) செய்து எக்ஸெக் (வேறு நிரலாக மாறுதல்) செய்துவிட்டால், டிஸ்க்ரிப்டர் அந்தப் புது நிரலுக்குக் கசிகிறது. அதை அடைக்க ஒரே ஒரு ஃப்ளாக் தேவைப்பட்டது, அதைப் போட இடமில்லை. அதற்காகவே 2008-இல் 2.6.27, 2.6.28 பதிப்புகளில் ஒரு கும்பலாகப் புது அழைப்புகள் வந்தன. ரினேம்அட்டுக்கு ரினேம்அட்2 வந்தது 3.15-இல், ஃபேக்சஸ்அட்டுக்கு ஃபேக்சஸ்அட்2 வந்தது 5.8-இல்.

ஆனால் ஃப்ளாக் வைத்தால் மட்டும் போதாது. தெரியாத பிட் எது வந்தாலும் முதல் நாளிலிருந்தே ஈஇன்வால் கொடுத்து மறுக்க வேண்டும். ஓப்பன் அழைப்பு அதைச் செய்யவில்லை. தெரியாத பிட்களைப் பேசாமல் விட்டுவிட்டது. விளைவு இரண்டு. முதலாவது, குப்பை பிட்களோடு அழைக்கும் பழைய நிரல்கள் உலகில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். நாளை அந்தப் பிட்டுக்குப் பொருள் கொடுத்தால் அவை உடையும். இரண்டாவது இன்னும் மோசம். புது ஃப்ளாகோடு எழுதிய நிரல் பழைய கர்னலில் ஓடும்போது, கர்னல் அந்த ஃப்ளாகைப் புறக்கணித்துவிட்டு வெற்றி என்று திருப்பும். பாதுகாப்புக்கான ஃப்ளாக் என்றால், பாதுகாப்பு இருப்பதாக நம்பி நிரல் மேலே போய்விடும்.

3.11-இல் பெயரில்லாத தற்காலிகக் கோப்புக்கான ஃப்ளாகைச் சேர்த்தபோது இதைச் சமாளிக்க ஒரு வித்தை செய்தார்கள். டைரக்டரியை மட்டும் திற என்ற பழைய பிட்டையும் அதற்குள் சேர்த்து வைத்தார்கள். எழுதும் அனுமதியோடு டைரக்டரியைத் திறக்க முயல்வதால் பழைய கர்னல் தானாகவே பிழை கொடுக்கும். கோப்பை நினைவகத்தில் பொருத்தும் எம்மேப் அழைப்பிலும் இதே குறை, 4.15-இல் ‘பிட்களைச் சரிபார்க்கும் பகிர்வு’ என்று தனி வகையே சேர்க்க வேண்டி வந்தது. இவை திறமையான ஒட்டுகள்தான். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு வரி சோதனை இருந்திருந்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

செய்ய வேண்டியது: தெரிந்த பிட்கள் எல்லாவற்றையும் ஒரு மாஸ்க்காக எழுதுங்கள். வந்த மதிப்பில் அந்த மாஸ்க்குக்கு வெளியே ஒரு பிட் இருந்தாலும் ஈஇன்வால். இந்தச் சோதனை வேறு எதற்கும் முன்னால், எந்தப் பக்க விளைவும் நடப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தாத பிட்கள் சேர்ந்து வந்தாலும் மறுங்கள். ரெஜிஸ்டரில் அனுப்பும் ஃப்ளாக் 32 பிட் வகையாகவே இருக்கட்டும். லாங் என்று எழுதினால் மேல் பாதி 64 பிட் கணினியில் மட்டுமே கிடைக்கும். இதே கண்டிப்பு, பயன்படாத மற்ற ஆர்கியுமென்ட்களுக்கும் வேண்டும்: பூஜ்யம் இல்லையென்றால் மறுங்கள்.

படி 5: வளரக்கூடிய ஸ்ட்ரக்ட்

இப்போது நம் அழைப்பு மூன்று ஆர்கியுமென்டாகச் சுருங்குகிறது: டிஸ்க்ரிப்டர், ஸ்ட்ரக்டுக்கு ஒரு பாயின்டர், அந்த ஸ்ட்ரக்டின் அளவு பைட்டில். 5.3-இல் வந்த குளோன்3-உம் 5.6-இல் வந்த ஓப்பன்அட்2-உம் இந்த வழியில் வந்தவையே. ஓப்பன்அட்2-வின் ஸ்ட்ரக்ட் மூன்று 64 பிட் மதிப்பு, 24 பைட்.

நம் ஸ்ட்ரக்டை இப்படி அடுக்கலாம். ஃப்ளாக் 8 பைட். காத்திருக்கும் கெடு 8 பைட். பஃபரின் முகவரி 8 பைட். எத்தனை அளவீடு வேண்டும் என்பது 4 பைட். ஓர் அளவீட்டின் அளவு 4 பைட். மொத்தம் 32. தொடக்க நேரத்தை அடுத்த பதிப்பில் கடைசியில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அது எப்படி ஒட்டும் என்பதைக் கீழே பாருங்கள்.

பாயின்டரை 64 பிட் முழு எண்ணாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பாயின்டர் வகையாகவே எழுதினால் 32 பிட் நிரலுக்கு 4 பைட், 64 பிட் கர்னலுக்கு 8 பைட் என்று ஆகி, அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். ஓர் அளவீடு என்பது நேரம் 8 பைட், மட்டம் 4 பைட், தரக்குறி 4 பைட், ஆக 16. தரக்குறி இன்றைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? 32 பிட் எக்ஸ்86-இல் 64 பிட் எண் 4 பைட் எல்லையில் நிற்கும், அளவீடு 12 பைட் ஆகும். 64 பிட்டில் கம்பைலர் வால் ஒட்டி 16 ஆக்கும். முதல் அளவீடு சரியாக வரும், இரண்டாவதிலிருந்து தப்பாகும். ஒரே அளவீட்டை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தென்படவே தென்படாது.

அளவை ஒப்பிடும் விதி நான்கு பகுதி. பயனர் தந்த அளவு முதல் பதிப்பின் அளவைவிடக் குறைவு என்றால் ஈஇன்வால். கர்னலின் ஸ்ட்ரக்டைவிடச் சிறிது என்றால் பழைய நிரல். மீதியைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். பெரிது என்றால் புதிய நிரல். கூடுதல் பைட்கள் எல்லாம் பூஜ்யமா என்று பாருங்கள், பூஜ்யம் என்றால் வழக்கம்போல் நடத்துங்கள், இல்லையென்றால் ஈ2பிக் (அளவு மிகப் பெரிது என்ற பிழை). ஒரு பேஜைவிட (நினைவகத்தின் அடிப்படைத் துண்டு, வழக்கமாக 4096 பைட்) பெரிது என்றால் பார்க்காமலே ஈ2பிக். நடுவில் உள்ள இரண்டு விதிகளையும் சேர்த்துச் செய்ய 5.4 முதல் காப்பிஸ்ட்ரக்ட்ஃப்ரம்யூசர் என்ற உதவி ஃபங்ஷன் கர்னலிலேயே இருக்கிறது. அதைவிட்டு நீங்களாக எழுதாதீர்கள். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: புதிதாகச் சேர்க்கும் எந்தப் புலத்திலும் பூஜ்யம் என்றால் ‘பழையபடி’ என்றே பொருள் இருக்க வேண்டும். தொடக்க நேரத்தைச் சேர்க்கும்போது 0 என்பது ‘இருப்பதெல்லாம் கொடு’ என்றால் ஒட்டும்.

உள்ளே வரும் ஸ்ட்ரக்டுக்கு அளவு வைத்துவிட்டு வெளியே போகும் ஸ்ட்ரக்டை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அதற்காகத்தான் ஓர் அளவீட்டின் அளவைப் பயனரிடமே கேட்டோம். நாளை அளவீடு 24 பைட் ஆனாலும் 16 கேட்ட பழைய நிரலுக்கு 16 மட்டும் எழுதலாம்.

கெடு விஷயத்தில் ஒரு வார்த்தை. ‘இன்னும் 5 விநாடி’ என்ற ஒப்பீட்டு நேரம் வேண்டாம். நடுவில் சிக்னல் வந்து அழைப்பு மறுபடி தொடங்கினால் 5 விநாடி புதிதாக ஓடும். செலக்ட் அழைப்பில் லினக்ஸ் மீதி நேரத்தைப் பயனரின் ஸ்ட்ரக்டிலேயே திருப்பி எழுதுகிறது. வேறு சில அமைப்புகள் எழுதுவதில்லை. இரண்டையும் நம்ப முடியாத நிலை. பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தில் இந்த நானோவிநாடி வரை என்று தனிநேரமாகக் கேளுங்கள். எத்தனை முறை மறுதொடங்கினாலும் கெடு நகராது.

படி 6: பயனர் நினைவகத்தைத் தொடும்போது

ஒரே ஒரு முறை கர்னலுக்குள் பிரதி எடுங்கள், பிறகு அந்தப் பிரதியை மட்டும் பாருங்கள். எண்ணிக்கையை ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிட்டு, வேலைக்காக மறுபடி பயனரிடமிருந்து படித்தால், இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதை மாற்றியிருக்கும்.

காப்பிஃப்ரம்யூசர் திருப்புவது பிழை எண் அன்று, பிரதியாகாமல் விடுபட்ட பைட்களின் எண்ணிக்கை. அதை அப்படியே திருப்பி அனுப்பினால் ‘8 அளவீடு கிடைத்தது’ என்று பயனர் வாசிப்பார். பூஜ்யம் இல்லையென்றால் ஈஃபால்ட் திருப்புங்கள். முகவரிச் சோதனையைத் தாண்டிப் போகும் வேகமான வழிகளை நாடாதீர்கள்: 4.13-இல் வெயிட்ஐடி அழைப்பில் அந்த ஒரு சோதனை விடுபட்டதால், கர்னல் நினைவகத்திலேயே எழுத வழி திறந்தது. சிவிஇ-2017-5123 என்று பதிவான ஓட்டை அது.

எண்ணிக்கையையும் அளவையும் பெருக்கும்போது 32 பிட் பலகையை நினையுங்கள். 26,84,35,456 அளவீடு, ஒவ்வொன்றும் 16 பைட் என்றால் பெருக்கல் 4,29,49,67,296. 32 பிட்டில் அது பூஜ்யம். நிரம்பி வழிவதைச் சோதிக்கும் பெருக்கல் ஃபங்ஷன்கள் கர்னலில் உள்ளன.

வெளியே எழுதும் ஸ்ட்ரக்டை முதலில் முழுக்கப் பூஜ்யமாக்குங்கள். இடைவெளி பைட்களில் கர்னல் ஸ்டாக்கின் மிச்சம் ஒட்டிக்கொண்டு பயனருக்குப் போய்விடும். அழைப்பை வரையறுக்க சிஸ்கால்டிஃபைன் மேக்ரோவையே பயன்படுத்துங்கள். சில 64 பிட் ஆர்கிடெக்சர்களில் 32 பிட் ஆர்கியுமென்டின் மேல் பாதியில் குப்பை வந்து ஓட்டையானது (சிவிஇ-2009-0029). அதன்பின் அந்த மேக்ரோ மேல் பாதியைச் சுத்தம் செய்கிறது.

படி 7: செக்காம்ப் விஷயத்தில் நாம் கொடுக்க வேண்டிய விலை

ஸ்ட்ரக்ட் வழிக்கு ஓர் உண்மையான குறை உண்டு. நிரல்களைக் கட்டுக்குள் ஓடவைக்கும் சாண்ட்பாக்ஸுகள், எந்த அழைப்பை அனுமதிப்பது என்று தீர்மானிக்கப் பயன்படுத்தும் செக்காம்ப் வடிகட்டி, ரெஜிஸ்டர்களில் உள்ள எண்களை மட்டுமே பார்க்கும், பாயின்டரைப் பின்தொடராது. காரணம் படி 6-இல் சொன்னதுதான்: பார்த்தபின் மாற்றிவிட முடியும். குளோனின் ஃப்ளாக் ரெஜிஸ்டரில் இருந்ததால் ‘புது நேம்ஸ்பேஸ் (தனிமைப்படுத்திய சூழல்) கூடாது’ என்று வடிகட்ட முடிந்தது. குளோன்3-இல் ஃப்ளாக் ஸ்ட்ரக்டுக்குள் போனது. பல சாண்ட்பாக்ஸுகள் அந்த அழைப்பு முழுவதற்குமே ஈநோசிஸ் (இப்படி ஓர் அழைப்பே இல்லை என்ற பிழை) கொடுத்து, நூலகம் பழைய குளோனுக்குத் திரும்பும்படி செய்கின்றன.

எனவே பிரித்து யோசியுங்கள். பாதுகாப்பைத் தீர்மானிக்கும் பிட் ரெஜிஸ்டரில் இருக்கட்டும், மற்றவை ஸ்ட்ரக்டில். நம் அழைப்பு படிக்க மட்டுமே செய்கிறது. முழுதும் ஸ்ட்ரக்டில் இருப்பதில் தவறில்லை. நாளை இதே அழைப்பில் உணரியின் குறியீட்டுக் கோட்டை மாற்றும் வசதியையும் ஒரு ஃப்ளாகாகச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு வேறு அழைப்பு வேண்டும். பழைய 32 பிட் எக்ஸ்86-இல் சாக்கெட் அழைப்புகள் எல்லாம் சாக்கெட்கால் என்ற ஒரே வாசலில் அடைக்கப்பட்டிருந்தன. எந்தச் சாக்கெட் அழைப்பு என்பது ரெஜிஸ்டரில் தெரிந்தாலும், அதன் ஆர்கியுமென்ட்கள் பாயின்டருக்குப் பின்னால் இருந்ததால் வடிகட்டிகளால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. 4.3-இல் தனித்தனி எண்கள் கொடுத்தார்கள்.

படி 8: சோதிக்கும் முறை

புதுக் கர்னலை க்யூஎமு என்ற மென்பொருள் கணினியில் ஏற்றுங்கள். சிஸ்டம் கால்களைப் பதிவு செய்து காட்டும் ஸ்ட்ரேஸ் கருவி உங்கள் அழைப்பை அறியாது. எண்ணையும் ஆறு ஹெக்ஸ் மதிப்புகளையும் காட்டும், ஆர்கியுமென்ட் வரிசையைச் சரிபார்க்க அதுவே போதும். ஒரே சோதனை நிரலை 64 பிட்டாகவும் 32 பிட்டாகவும் கம்பைல் செய்து அதே கர்னலில் ஓட்டுங்கள். இரண்டிலுமே ஸ்ட்ரக்ட் 32 பைட், ஓர் அளவீடு 16 பைட் என வர வேண்டும். ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் இடைவெளிகளைப் பாஹோல் கருவி காட்டும்.

அளவு ஆர்கியுமென்டுக்கு 0, 31, 32, 33, 40, 4097 கொடுங்கள். 33-க்கும் 40-க்கும் கூடுதல் பைட்கள் பூஜ்யமாக ஒருமுறை, கடைசி பைட் மட்டும் 1 ஆக ஒருமுறை. 64 ஃப்ளாக் பிட்களையும் ஒவ்வொன்றாக ஏற்றி, அறியாத ஒவ்வொன்றுக்கும் ஈஇன்வால் வருகிறதா என்று பாருங்கள். பஃபரை ஒரு பேஜின் விளிம்பில் வைத்து, அடுத்த பேஜை விலக்கிவிட்டு, மூன்று அளவீடு எழுதி நான்காவதில் தடுக்கும்போது 3 திரும்புகிறதா என்று பாருங்கள். தாறுமாறான ஆர்கியுமென்ட்களோடு கர்னலை அழைத்துச் சோதிக்கும் சிஸ்காலர் கருவிக்கு உங்கள் ஸ்ட்ரக்டின் விவரிப்பை எழுதிக் கொடுத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். கேஎம்சான் என்ற நினைவகச் சோதனை வசதியை இயக்கிய கர்னலில் ஓட்டினால் எழுதப்படாத பைட்கள் வெளியே கசிவதும் பிடிபடும்.

கடைசியாக எண். 5.1 முதல், 424 தொடங்கி, புதிய அழைப்புகளுக்குப் பெரும்பாலான ஆர்கிடெக்சர்களில் ஒரே எண்தான். ஓப்பன்அட்2 என்றால் 437. உங்கள் பேட்சில் எழுதும் எண் மெயின்லைனில் (லினக்ஸின் அதிகாரபூர்வ மூலத்தில்) சேரும்வரை உறுதியில்லை, அதே எண்ணை இன்னொருவரும் எடுத்திருப்பார். ஆகவே சோதனை நிரலில் எண்ணைப் பல இடங்களில் எழுதாமல் ஒரே இடத்தில் வையுங்கள். ஈநோசிஸ் வந்தால் ரீட் வழியே அளவீட்டை வாங்கும் பழைய பாதையையும் அந்த நிரலிலேயே எழுதிவிடுங்கள். கெடிலம் முகத்துவாரத்தில் இருக்கும் பழைய பலகைக்குப் புதுக் கர்னல் போய்ச்சேர நாளாகும்.